கூட்டம் நிற்கிற பங்க்கும் மூடுவது ஏன்? – வாசகர் கேள்வி பதில்

இந்த இதழில் ஒரே விஷயம்தான். பெட்ரோல் பங்க் மூடியதைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தபோது அதே மாதிரி இன்னும் சில கடிதங்கள் கோப்பில் இருந்தன, எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் ரொம்ப வருஷமாக ஓடிய பங்க் ஒன்றைக் கயிறு கட்டி மூடிவிட்டார்கள். எப்போது போனாலும் நாலு வண்டி நிற்கும். பெட்ரோல் போடாமல் யாரும் இருக்க முடியாது, விலையும் நூறைத் தாண்டிவிட்டது. அப்புறம் எப்படி சார் நஷ்டம் வரும்?
– வாசகர், திருக்கோவிலூர்

விலை நூறைத் தாண்டியதுதான் பாதிப் பிரச்னை. நீங்கள் கொடுக்கிற விலையில் லிட்டருக்கு பங்க்காரருக்கு நிற்பது பெட்ரோலில் நாலரை ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு, டீசலில் மூன்று ரூபாய் சுமார். டீலர் கமிஷன் என்று இதற்குப் பெயர். இதை அவர் தீர்மானிப்பதில்லை, எண்ணெய் நிறுவனம் தீர்மானிக்கிறது. விற்கிற விலையையும் அவர் தீர்மானிப்பதில்லை. மளிகைக்கடைக்காரர் வாடகை ஏறினால் துவரம்பருப்பில் இரண்டு ரூபாய் கூட்டி விற்கலாம், பங்க்காரரால் பத்து பைசா கூட்ட முடியாது.

இந்தக் கமிஷனை 2017 ஆகஸ்டில் உயர்த்தினார்கள், அப்புறம் 2024 அக்டோபர் கடைசியில்தான் பெட்ரோலுக்கு 65 பைசா, டீசலுக்கு 44 பைசா ஏற்றினார்கள். நடுவில் ஏழு வருஷம் பையன்கள் சம்பளமும் கரண்ட் பில்லும் வங்கி வட்டியும் சும்மா இருக்கவில்லை. 2022 மே 31 அன்று பல மாநிலங்களில் டீலர்கள் ஒருநாள் லோடு (கம்பெனி டெப்போவிலிருந்து டாங்கர் லாரியில் வருகிற சரக்கு) எடுக்காமல் எதிர்ப்புத் தெரிவித்ததெல்லாம் இதற்காகத்தான்.

இதில் வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது. கமிஷனில் பெரும்பகுதி லிட்டருக்கு இவ்வளவு என்று வெட்டிவைத்த தொகை, விலையோடு சேர்ந்து ஏறுகிற பகுதி சின்னது. ஆனால் லோடு எடுக்கப் போடுகிற முதல், விலையோடு அப்படியே ஏறும். பெட்ரோல் 70 ரூபாய்க்கு விற்ற காலத்தில் 12,000 லிட்டர் லோடுக்கு எட்டு லட்சம் கட்டினால் போதும், இன்று பதினொன்றரை லட்சம் வேண்டும். அதுவும் லாரி டெப்போவை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே பணம் கம்பெனி கணக்கில் ஏறியிருக்க வேண்டும். ஆக, விலை ஏற ஏற பங்க்காரர் கொழிக்கிறார் என்று நாம் நினைக்கிறோம், அவரோ கிட்டத்தட்ட அதே வருமானத்துக்குக் கூடுதல் கடன் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். சின்ன ஊர் பங்க், தினம் பெட்ரோல் 1,000 லிட்டர், டீசல் 1,500 லிட்டர். மாதத்துக்கு 75,000 லிட்டர், வரவு செலவு எழுபது லட்சத்துக்கு மேல். கேட்டால் பெரிய பணக்காரர் என்று தோன்றும். கமிஷன் என்று கைக்கு வருவது சுமார் 2,67,000. இதில் பம்ப்பில் நிற்கிற எட்டுப் பேருக்கு ஆளுக்கு 12,000 வைத்தால் 96,000, கணக்கு பார்க்கிறவருக்கு 20,000, பி.எஃப்., இ.எஸ்.ஐ., தீபாவளி போனஸ் எல்லாம் மாதக் கணக்கில் பிரித்தால் 15,000. கரண்ட், ஜெனரேட்டர் டீசல், கேமரா, மெஷின் ரிப்பேர், அளவு சரி என்று மெஷினுக்கு வருஷா வருஷம் முத்திரை போடுகிற செலவு என்று 35,000. வங்கியில் எடுத்த நாற்பது லட்சம் ஓ.டி.க்கு (ஓவர்டிராஃப்ட் கடன்) வட்டி இன்னொரு 35,000. பெட்ரோல் வெயிலில் ஆவியாகிப் போவதிலும் லோடு இறக்கும்போது வருகிற ஷார்ட்டேஜிலும் ஒரு 12,000. மிச்சம் ஐம்பதாயிரம் சொச்சம். இடம் சொந்தமாக இருந்தால் இவ்வளவு, வாடகை என்றால் அதிலும் பாதிக்கு மேல் போய்விடும். பங்க் கட்டப் போட்ட முதலுக்கு வட்டி இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை.

நாலு வண்டி நிற்கிறது என்கிறீர்கள். பைக்காரர் நூறு ரூபாய்க்கு அடித்தால் பங்க்காரருக்கு நாலு ரூபாய் சொச்சம். ஒரு பையனின் ஒருநாள் கூலிக்கே தொண்ணூறு பைக் வந்து போக வேண்டும். பங்க்கை உண்மையில் தூக்கி நிறுத்துவது ஒரே தடவையில் 200, 300 லிட்டர் அடிக்கிற லாரியும் பஸ்ஸும் அறுவடை மெஷினும்தான். உங்கள் ஊர் பங்க்கில் லாரி நின்று எத்தனை நாளாயிற்று என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். பைபாஸ் போட்டதும் லாரி ஊருக்குள் வருவது நின்றிருக்கும், அல்லது சாலை நடுவில் தடுப்புச் சுவர் வைத்ததும் எதிர்ப்பக்க வண்டிகள் மொத்தமாகப் போயிருக்கும். பங்க்கின் தலையெழுத்தைப் பல சமயம் எழுதுவது நெடுஞ்சாலைத் துறைதான்.

அதோடு, பக்கத்திலேயே புதிது புதிதாக பங்க் வந்துவிட்டது. 2018 நவம்பரில் இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் என்ற மூன்று அரசு நிறுவனங்களும் சேர்ந்து நாடு முழுக்க 55,000க்கும் மேற்பட்ட இடங்களுக்கு டீலர் கேட்டு விளம்பரம் கொடுத்தன. 2015 வாக்கில் ஐம்பதாயிரம் சொச்சமாக இருந்த பங்க்குகள் இன்று ஒரு லட்சத்தை ஒட்டி நிற்கின்றன. சரி, வண்டியும்தானே பெருகிவிட்டது என்பீர்கள். பெட்ரோலுக்கு அது பொருந்தும். 2014-15ல் நாடு முழுக்க சுமார் 1.9 கோடி டன் விற்றது, 2024-25ல் நாலு கோடி டன். டீசல் கதை வேறு. ஏறக்குறைய ஏழு கோடி டன்னிலிருந்து ஒன்பது கோடி சொச்சம், அவ்வளவுதான். பங்க் இரண்டு மடங்கு, டீசலோ சுமார் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது. டீசலை நம்பி இருந்த பழைய பங்க்குகள் எங்கே அடிவாங்குகின்றன என்று இதிலேயே தெரியும்.

நான் ஆறு லாரி வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் மாதம் முடிந்து பணம் கொடுத்தால் போதும், இப்போது எந்த பங்க்கிலும் கடனுக்கு டீசல் தரமாட்டேன் என்கிறார்கள். அவர்களுக்கும் வியாபாரம் வேண்டாமா?
– லாரி உரிமையாளர், சங்ககிரி

உங்களுக்குக் கோபம் வருவது நியாயம்தான், ஆனால் நான் பங்க்காரர் பக்கம் நின்று பேசப் போகிறேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பங்க் திடீரென்று விழுந்தது என்றால் பத்தில் பல தடவை காரணம் இந்த நோட்டுக் கடன்தான்.

பத்து லாரி வைத்திருக்கிற ஒருவர், லாரிக்கு 100 லிட்டர் வீதம் தினம் 1,000 லிட்டர் கடனில் அடிக்கிறார் என்று வையுங்கள். லிட்டர் 92 ரூபாய் என்றாலும் மாதத்தில் 27,60,000 ரூபாய் பாக்கி நிற்கும். இதில் பங்க்காரருக்குக் கிடைக்கிற கமிஷன் 90,000. அந்த லாரிக்காரர் ஒருநாள் ஃபைனான்ஸ்காரரிடம் வண்டிகளை விட்டுவிட்டு போனை அணைத்துவிட்டால், போன 27 லட்சத்தை மூன்று ரூபாய் கமிஷனில் எடுக்க ஒன்பது லட்சம் லிட்டர் டீசல் விற்க வேண்டும். மேலே சொன்ன சின்ன பங்க்குக்கு அது ஒன்றரை வருஷத்துக்கும் மேலான மொத்த டீசல் விற்பனை, அதிலும் சம்பளமோ கரண்ட்டோ கட்டாமல் விற்றால்!

ஆள் ஓடிப்போக வேண்டும் என்றுகூட இல்லை. முப்பது நாள் என்று ஆரம்பித்த கடன் நாற்பத்தைந்து நாளாகும், அப்புறம் அறுபது. பங்க்காரருக்குக் கம்பெனி ஒருநாள்கூடத் தவணை தராது, முன்பணம் கட்டினால்தான் சங்ககிரி டெப்போவோ இருகூரோ கப்பலூரோ, எங்கிருந்தானாலும் லோடு கிளம்பும். கையில் பணம் இல்லை, லோடு போடவில்லை, இரண்டு நாள் டாங்க் காய்கிறது, ‘ஸ்டாக் இல்லை’ என்று போர்டு மாட்டுகிறார். வாடிக்கையாக வருகிறவர் அடுத்த பங்க்குக்குப் போய்விடுகிறார், போனவர் அங்கேயே பழகிவிடுகிறார். விற்பனை குறைந்ததால் பங்க் காய்ந்தது என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். நடந்தது தலைகீழ், காய்ந்ததால்தான் விற்பனை போனது.

எண்ணெய் நிறுவனங்களே லாரிக்காரர்களுக்கென்று ப்ளீட் கார்டு, அதாவது எல்லா லாரிக்கும் டீசல் பணம் கட்டுகிற அட்டை, வைத்திருக்கின்றன. ஆறு லாரிக்கு அதை வாங்கிக்கொள்ளுங்கள், டிரைவர் எங்கே எவ்வளவு அடித்தார் என்ற கணக்கும் உங்கள் கையில் இருக்கும்.

என் வீட்டுக்காரர் பங்க் நடத்துகிறார். 2021 தீபாவளியை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அந்த ஒரு ராத்திரிக் கடனிலிருந்து நாங்கள் இன்னும் முழுசாக மீளவில்லை. விலை குறைந்ததைக் கொண்டாடியவர்களுக்கு எங்கள் நிலைமை தெரியுமா?
– வாசகி, கள்ளக்குறிச்சி மாவட்டம்

தெரியாது அம்மா, அதனால் மற்ற வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் தீபாவளி நவம்பர் 4. பண்டிகை விடுமுறை வருகிறது, டெப்போ லீவு, வண்டிகள் ஊருக்குப் போகும் என்று எல்லா டீலர்களும் டாங்கை நிரப்பி வைத்திருந்தார்கள். 3-ம் தேதி சாயங்காலம் மத்திய அரசு கலால் வரியை பெட்ரோலில் 5 ரூபாயும் டீசலில் 10 ரூபாயும் குறைத்தது. மாநிலத்தின் விற்பனை வரியான வாட்டில் ஒரு பகுதி அதன்மேல் சதவீதக் கணக்கில் போடப்படுவதால் தமிழ்நாட்டில் டீசல் 11 ரூபாய் சொச்சம் இறங்கியது. மறுநாள் காலை 6 மணியிலிருந்து புது விலை. டாங்கில் இருந்த சரக்குக்கோ பழைய விலையில் வரியோடு சேர்த்துப் பணம் கட்டியாகிவிட்டது. 15,000 லிட்டர் டீசல் வைத்திருந்தவருக்கு அதில் மட்டும் ஒரு லட்சத்து அறுபத்தைந்தாயிரம் போனது. 2022 மே மாதம் இன்னொரு தடவை இதே மாதிரி, பெட்ரோலில் 8 ரூபாய், டீசலில் 6 ரூபாய்.

விலை ஏறும்போது லாபம் பார்த்தீர்களே, அப்போது திருப்பிக் கொடுத்தீர்களா என்று கேட்பார்கள். 2017 ஜூன் 16 முதல் விலை தினம் மாறுகிற முறை வந்தது. அதன்பிறகு பெரும்பாலும் ஏறினால் 25 பைசா, 35 பைசா என்று ஏறியது. இரண்டு மூன்று நாள் ஸ்டாக்கில் அது சில ஆயிரம். இறங்கியதோ ஒரே அடியாக ரூபாய்க் கணக்கில். வரியைக் குறைத்தது நல்ல காரியம்தான், எனக்கும் வண்டி இருக்கிறது. ஆனால் டாங்கில் கிடந்த சரக்குக்கு ஏற்கெனவே கட்டிய வரியைத் திருப்பித் தந்திருக்கலாம், அதற்குக் கணக்கு கம்பெனியின் கணினியிலேயே இருக்கிறது.

நாங்கள் கோட்டக்குப்பத்தில் இருக்கிறோம். இங்கே பங்க்கில் ஈ ஓட்டுகிறார்கள், ரெண்டு கிலோமீட்டர் தள்ளிப் புதுச்சேரிக்குள் போனால் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது!
– வாசகர், கோட்டக்குப்பம்

பெட்ரோல், டீசல் ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை, ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டத்துக்கு வாட் போடுகிறது. தமிழ்நாட்டில் பெட்ரோலுக்கு 13 சதவீதமும் அதோடு லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும், டீசலுக்கு 11 சதவீதமும் 9 ரூபாய் 62 காசும். புதுச்சேரியில் இதைவிடக் குறைவு. 2025 ஜனவரியில் அங்கேயும் கொஞ்சம் ஏற்றினார்கள், அப்போதும் பெட்ரோலில் நாலைந்து ரூபாய் வித்தியாசம், டீசலில் அதைவிடக் கூடுதல். நூறு லிட்டர் அடிக்கிற வேன்காரர் எதற்காக உங்கள் ஊரில் நிறுத்துவார்? மொரட்டாண்டி, ரெட்டிச்சாவடி பக்கம் பங்க் வைத்திருக்கிறவர்களுக்கும் இதே புலம்பல்தான். அந்தப் பக்கம் காரைக்காலைச் சுற்றியும் அப்படியே.

இதற்கு உச்சம் மாஹே. கேரளத்துக்கு நடுவில் ஒன்பது சதுர கிலோமீட்டர் புதுச்சேரி, அதற்குள் வரிசையாக பங்க். கேரளத்து விலைக்கும் அங்கே விலைக்கும் பத்து ரூபாய்க்கு மேல் வித்தியாசம், கண்ணூர் – கோழிக்கோடு சாலையில் போகிற லாரி எதுவும் மாஹேயில் நிற்காமல் போகாது. இரண்டு பக்கமும் இருக்கிற கேரள டீலர்கள் என்ன செய்வார்கள், பாவம்.

ஆந்திர எல்லையில் கதை நமக்குச் சாதகம். அங்கே வாட் அதிகம், அதனால் வடக்கே போகிற வண்டி கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கத்தில் டாங்கை நிரப்பிக்கொண்டு போகும். இந்த பங்க்குகளின் லாபம் முழுவதும் பக்கத்து மாநில நிதியமைச்சரின் பேனா முனையில் இருக்கிறது.

தனியார் கம்பெனி பங்க்குகள் ஒருகாலத்தில் ஜோராகத் திறந்து மொத்தமாக மூடிக் கிடந்தனவே, என்ன ஆயிற்று?
– வாசகர், மதுரை

2002 ஏப்ரலில் அரசு விலைக் கட்டுப்பாட்டு முறையை எடுத்துவிட்டதாக அறிவித்தது, தனியாரும் பங்க் திறக்கலாம் என்றது. ரிலையன்ஸ் நெடுஞ்சாலைகளில் 1,400க்கும் மேல் திறந்தது. டிரைவர்கள் குளிக்க, சாப்பிட, தூங்க இடம், சுத்தமான கழிவறை. அளவு சரியாக இருக்கிறது என்ற பேச்சு வேறு. டீசல் விற்பனையில் கணிசமான பங்கைப் பிடித்துவிட்டார்கள்.

அப்புறம் கச்சா எண்ணெய் விலை ஏறத் தொடங்கியது. கட்டுப்பாடு போய்விட்டதாகக் காகிதத்தில் இருந்தாலும், அரசு நிறுவனங்களை விலை ஏற்ற விடவில்லை. அவற்றின் நஷ்டத்துக்கு அரசு எண்ணெய்ப் பத்திரம் (பணம் பின்னால் தருவதாக எழுதிக்கொடுக்கிற கடன் பத்திரம்) கொடுத்து ஈடுகட்டியது. தனியாருக்கு அது கிடையாது. எதிரெதிரே இரண்டு பங்க், ஒன்றில் டீசல் பல ரூபாய் அதிகம் என்றால் யார் போவார்கள்? 2008 மார்ச்சில் ரிலையன்ஸ் எல்லா பங்க்குகளையும் மூடியது. அந்த ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. கம்பெனிக்கு ஜாம்நகரில் சுத்திகரிப்பு ஆலை இருந்தது, வெளிநாட்டுக்கு விற்றுக்கொண்டது. நிலத்தையும் கடனையும் போட்டு டீலர்ஷிப் எடுத்தவர்கள்தான் புல் முளைத்த தளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பெட்ரோல் விலை 2010 ஜூனிலும் டீசல் விலை 2014 அக்டோபரிலும் அரசுக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்ட பிறகுதான் தனியார் பங்க்குகள் மறுபடி உயிர்பெற்றன. ஆனால் 2022-ல் உக்ரைன் போர் வந்து கச்சா எண்ணெய் நூறு டாலரைத் தாண்டியபோது அரசு நிறுவனங்கள் ஏப்ரலுக்குப் பிறகு விலையை ஏற்றவே இல்லை, தனியார் பங்க்குகள் கூடுதல் விலைக்கு விற்றன அல்லது சப்ளையைக் குறைத்தன. பழைய படமே மறுபடி ஓடியது.

மூடிய பங்க் என்றாலே கலப்படம், அளவு மோசடியில் மாட்டியது என்றுதானே அர்த்தம்?
– வாசகர், ஆவடி

சிலது அப்படித்தான். 2017 ஏப்ரலில் லக்னோவில் சிறப்புப் படை சோதனை போட்டபோது மெஷினுக்குள் சிப் வைத்து அளவைக் குறைத்தது கூண்டோடு மாட்டியது. 2005-ல் உத்தரப்பிரதேசத்து லக்கிம்பூர் கேரியில் ஒரு பங்க்குக்கு சீல் வைத்ததற்காக இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத்தைச் சுட்டே கொன்றார்கள். மண்ணெண்ணெய்க் கலப்படம் அவ்வளவு பெரிய பணமாக இருந்த காலம் அது. ஆனால் மூடிய பங்க் எல்லாம் திருட்டு பங்க் என்றால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். சந்தேகம் வந்தால் ஐந்து லிட்டர் அளவுக் குடுவையில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள், கூடக் குறைய 25 மில்லி வரைதான் அனுமதி. கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது, முறைக்கிறார்களே என்று பயப்படாதீர்கள்.

இதை ஒட்டி இன்னொன்று. மழைக்காலத்தில் ‘தண்ணி கலந்த பெட்ரோல்’ என்று பங்க் முன்னால் சண்டை நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. பூமிக்கடியில் உள்ள டாங்க் மூடியில் சின்னக் கசிவு இருந்து மழைத்தண்ணீர் இறங்கினால், எத்தனால் அந்தத் தண்ணீரோடு சேர்ந்துகொண்டு அடியில் தனி அடுக்காகத் தங்கிவிடும். முன்பு தண்ணீரை மட்டும் எடுத்தால் சரியாகிவிடும், இப்போது மேலே நிற்கிற பெட்ரோலும் தரம் கெட்டுவிடும், மொத்த டாங்கையும் காலி செய்ய வேண்டியதுதான். ஒரே மழையில் பல லட்சம். கூடவே பழுதான வண்டிகளுக்கு மெக்கானிக் செலவு, போலீஸ் புகார், வாட்ஸ்அப்பில் வீடியோ. தினம் காலையில், தண்ணீர் பட்டால் நிறம் மாறுகிற பேஸ்ட் தடவிய கோலை டாங்கில் விட்டு டிப் பார்க்கிற பழக்கத்தைச் சோம்பேறித்தனத்தால் விட்டவர்கள்தான் பெரும்பாலும் இதில் மாட்டுகிறார்கள், அங்கே என் அனுதாபம் கொஞ்சம் குறைவு.

சென்னையில் நல்ல இடத்தில் இருந்த பழைய பங்க்குகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. அங்கே வியாபாரத்துக்கு என்ன குறை?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், புரசைவாக்கம்

வியாபாரத்தில் குறை இல்லை ஐயா, இடத்தின் விலைதான் அதிகமாகிவிட்டது. அந்த பங்க்குகளில் பல பர்மா ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் காலத்தில் குத்தகைக்கு எடுத்த மனைகள். 1970களின் நடுவில் அந்தக் கம்பெனிகளை அரசு எடுத்துக்கொண்டபோது சட்டத்திலேயே ஒரு ஏற்பாடு இருந்தது, பழைய குத்தகையை அதே நிபந்தனையில் இன்னொரு தவணைக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று. அதனால் கோடிக்கணக்கில் மதிப்புள்ள மனைக்கு மிகச் சொற்ப வாடகை வாங்கிக்கொண்டு மனைச் சொந்தக்காரர்கள் பல வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தவணையும் முடிந்தது, பிள்ளைகளும் பேரன்களும் நீதிமன்றம் போனார்கள். சில வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. இடம் திரும்பக் கிடைத்தால் அங்கே யார் பங்க் வைப்பார்? துணிக்கடையோ அடுக்குமாடியோதான். வழக்கு கம்பெனிக்கும் மனைக்காரருக்கும் நடுவில், பம்ப்பில் முப்பது வருஷம் நின்ற டீலருக்கு அதில் பேச இடமே இல்லை.

மெட்ரோ வேலைக்காக ஆற்காடு சாலை மாதிரி இடங்களில் தகரத் தடுப்பு வைத்ததும் பங்க்குகளுக்கு அடிதான், ஆனால் அது வேலை முடிந்தால் தீரும். அதுவரை தாக்குப்பிடிக்க முதல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மின்சார ஸ்கூட்டர் வந்ததுதான் காரணம் என்கிறான் என் பேரன். ஜப்பானில் வேலை பார்க்கும் என் மகனோ அங்கேயும் பங்க்குகள் மூடுகின்றன என்கிறான்.
– வாசகி, திருநெல்வேலி

பேரன் சொல்வது இன்றைக்குச் சரியில்லை, நாளைக்குச் சரியாகலாம். நாட்டில் பெட்ரோல் விற்பனை இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

ஜப்பான் விஷயம் மகன் சொல்வதுதான். 1990களின் நடுவில் அறுபதாயிரம் பங்க் இருந்த நாடு, இன்று முப்பதாயிரத்துக்கும் கீழே. சிக்கன எரிபொருள் கார்கள், ஊர்களில் ஆள் குறைவது, பங்க்கை ஏற்று நடத்தப் பிள்ளைகள் இல்லாதது, இதெல்லாம் காரணம். ஆனால் பலரைக் கடைசியாகத் தள்ளிவிட்டது ஒரு தீயணைப்பு விதி. நாற்பது வருஷத்துக்கு மேல் பழைய நிலத்தடி டாங்க் என்றால் அதைப் பலப்படுத்த வேண்டும் அல்லது மாற்ற வேண்டும் என்று 2011-ல் நடைமுறைக்கு வந்தது. எழுபது வயதுக்காரர் ஒருவர் சின்ன கிராமத்தில் நடத்துகிற பங்க்குக்கு அவ்வளவு செலவு செய்து எந்தக் காலத்தில் எடுப்பார்? மூடிவிட்டார்கள். மூன்றோ அதற்குக் குறைவோ பங்க் உள்ள உள்ளாட்சிகளை அரசே தனியாகக் கணக்கெடுத்து வைத்திருக்கிறது, ஏனென்றால் குளிர்காலத்தில் வீட்டு ஹீட்டருக்கு மண்ணெண்ணெய் வாங்குவதும் அந்த பங்க்கில்தான்.

மாநில நெடுஞ்சாலையை ஒட்டி முப்பது சென்ட் நிலம் இருக்கிறது. வங்கிக் கடன் வாங்கி பங்க் போடலாமா? எல்லாரும் போடு போடு என்கிறார்கள்.
– வாசகர், அறந்தாங்கி

போடு என்கிற யாரும் கையெழுத்துப் போட வரமாட்டார்கள். முழுக்கக் கடனில் போடுவதாக இருந்தால் வேண்டாம் என்பதே என் பதில். கட்டுமானத்துக்குக் கடன் வாங்கலாம், ஆனால் லோடு எடுத்துச் சுழற்றுகிற முதல் மட்டுமாவது சொந்தப் பணமாக இருக்க வேண்டும். முதல் இரண்டு வருஷம் விற்பனை பிடிக்கிற வரை வட்டி கட்டியே களைத்துப்போனவர்கள் நிறைய.

அதற்கு முன்னால் உங்கள் சாலையில் இரண்டு பக்கமும் பத்து கிலோமீட்டருக்கு எத்தனை பங்க் இருக்கிறது, எத்தனைக்கு அனுமதி கொடுத்துக் கட்டாமல் கிடக்கிறது என்று பாருங்கள், லாரி எத்தனை போகிறது என்று ராத்திரியிலும் உட்கார்ந்து எண்ணுங்கள். பைபாஸ் வரப்போகிறதா என்று நெடுஞ்சாலைத் துறையில் விசாரியுங்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குடியிருப்பு பக்கத்தில் இருந்தால் 2020-ல் வந்த மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரிய விதிப்படி 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், மிகக் குறைந்தது 30 மீட்டர், அதற்கும் கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடு கேட்பார்கள். கலெக்டரின் தடையில்லாச் சான்று, வெடிபொருள் துறை உரிமம் எல்லாம் அப்புறம். டீலர் தேர்வு நிறுவனங்களின் விளம்பரம் பார்த்து அதிகாரப்பூர்வ இணையதளத்தில் விண்ணப்பித்து, பெரும்பாலும் குலுக்கல் முறையில் நடக்கிறது. ‘நான் வாங்கித் தருகிறேன்’ என்று போன் செய்து பதிவுக் கட்டணம் கேட்கிறவர்களுக்கு ஒரு பைசா அனுப்பாதீர்கள், இந்தப் பெயரில் போலி இணையதளங்களே நடக்கின்றன.

நிலம் மட்டும் உங்களுடையது, தினம் நின்று பார்க்க ஆள் இல்லை என்றால் கம்பெனிக்கே குத்தகைக்கு விட முடியுமா என்று கேளுங்கள். வருமானம் குறைவு, ஆனால் நஷ்டம் உங்கள் தலையில் விழாது. அப்படி விட்டால் எத்தனை வருஷம், வாடகை எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை எவ்வளவு ஏறும், புதுப்பிப்பது யார் விருப்பம், தவணை முடிந்தபின் பூமிக்குள் இருக்கிற டாங்கைத் தோண்டி எடுப்பது யார் செலவு, இந்த நாலையும் ஒரு வக்கீலிடம் காட்டிப் பத்திரத்தில் எழுதி வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.